யானை, திமிங்கிலம், பவளம்: திருகோணமலையில் செயற்கை நுண்ணறிவால் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கந்தளாய்ப் பக்கம் யானை, கோணேசர் மலைக்கு நேரே ஆழ்கடலில் திமிங்கிலம், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளம். இவ்வளவும் ஒரே மாவட்டத்துக்குள் அமைவது அபூர்வம். செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏஐ, இவற்றைக் காப்பாற்ற உதவுமா என்று மாணவர்களும் கமக்காரர்களும் படகோட்டிகளும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். சிலதுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலதுக்கு இரண்டு வரி போதும்.

ஏஐ என்றால் கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் செயலிதானே? அதற்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அது ஏஐயில் ஒரு வகை. காட்டு வேலைக்கும் கடல் வேலைக்கும் உதவுவது பெரும்பாலும் வேறு வகை. ஒரு படத்தைப் பார்த்து இதில் மிருகம் இருக்கிறதா, இருந்தால் என்ன மிருகம் என்று சொல்லும். ஒலிப்பதிவைக் கேட்டு எந்தப் பறவை என்று பிரிக்கும். செய்மதிப் படத்தில் போன வருடம் இருந்த காடு இந்த வருடம் இல்லை என்று காட்டும். அதற்குப் பேசத் தெரியாது. ஆனால் ஒரே வேலையை இலட்சம் தடவை அலுக்காமல் செய்யும்.

படத்தில் இருப்பது யானையா, மாடா என்று அதற்கு எப்படித் தெரியும்?

காட்டுக்குள் மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கமராவை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமான ஏதாவது ஒன்று முன்னால் அசைந்தால் தானாகவே படம் எடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளக்கரையில் கட்டிய கமராவை ஒரு மாதம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடிய படம், கொப்பு அசைந்த படம், எருமை மாடு கடந்து போன படம் என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். தேடின மிருகம் பத்துப் படத்தில் இருந்தாலே பெரிய காரியம். அந்தப் பத்தைப் பிடிக்க ஒரு ஆராய்ச்சி மாணவர் வாரக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இங்கேதான் ஏஐ கைகொடுக்கிறது. மைக்ரோசொஃப்ட்டில் உருவான மெகாடிடெக்டர் என்ற மென்பொருள் படத்தை மிருகம், மனிதர், வாகனம், வெறும் படம் என்று மட்டும் பிரிக்கும். வெறும் படங்கள் கழிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கூகுள் 2025 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட ஸ்பீசீஸ்நெட் இன்னும் ஒரு படி மேலே போய் மிருகத்தின் பெயரையும் சொல்லப் பார்க்கும். 6.5 கோடிக்கும் அதிகமான படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். இது யானை, இது மான் என்று மனிதர்கள் முதலில் பெயரிட்டுக் கொடுத்த படங்களிலிருந்துதான் அது படிக்கிறது. யாரும் பெயரிட்டுக் கொடுக்காத மிருகம் அதன் கண்ணுக்கு மிருகமே இல்லை.

அப்படியென்றால் எங்கள் பக்கத்து மிருகங்களை அது சரியாகச் சொல்லுமா?

யானையைச் சொல்லிவிடும். மயிலையும் மானையும் சொல்லும். சிறிய காட்டுப் பூனை வகைகளில் தடுமாறும், அதுவும் இரவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் எடுத்த படங்களே உலகத் தொகுப்புகளில் அதிகம். வெருகல் ஆற்றங்கரையிலும் மூதூர்ப் பக்கத்துச் சதுப்பிலும் எடுத்த படங்கள் அவற்றில் எத்தனை இருக்கப் போகின்றன? அதனால் வெளியிலிருந்து வரும் எந்த மென்பொருளையும் முதலில் நம் ஊர்ப் படங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மிருகத்தைக் காலடியிலேயே அடையாளம் காணும் வேட்டைக்காரக் குடும்பத்துப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவைப் பதிவு செய்வதை நான் மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் வைப்பேன்.

ரயிலில் யானை அடிபடுவதைத் தடுக்க முடியுமா?

முடியும். மற்ற எதையும் விட முதலில் செய்ய வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

2025 பெப்ரவரி 20 அன்று ஹபரணைக்குக் கிட்டப் பயணிகள் ரயில் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதியது. குறைந்தது ஆறு யானைகள் செத்தன. ரயில் தடம் புரண்டது. கல்ஓயா சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வரும் நம் கிளைப் பாதையும் யானை நடமாடும் இடங்களை ஊடறுத்துத்தான் வருகிறது. இரவு ரயில் அந்தப் பகுதியைத் தாண்டுவது கும்மிருட்டில். சாரதிக்கு முன்விளக்கு வெளிச்சம் எட்டுகிற தூரம்தான் தெரியும். வேகமாக வரும் ரயிலை நிறுத்தச் சில நூறு மீற்றர் வேண்டும். கண்ணில் பட்ட பிறகு பிரேக் பிடித்துப் பலனில்லை.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரை என்ற இடத்தில் இதே பிரச்சினை இருந்தது. 2024 பெப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் அமைத்தது. ஒவ்வொன்றிலும் சாதாரணக் கமராவோடு வெப்பக் கமராவும் உண்டு. இரவில் மண் குளிர்ந்துவிடும், யானையின் உடம்பு குளிராது. அதனால் வெப்பக் கமராவில் யானை வெள்ளையாகத் துலங்கும். யானை தண்டவாளத்தை நெருங்கியதும் ஏஐ அதை அடையாளம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கே இருபத்திநாலு மணி நேரமும் ஆள் இருப்பார். ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும், வேகம் குறையும், வன ஊழியர்கள் யானையை விலக்கி விடுவார்கள். இந்தியாவின் வடகிழக்கில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். தண்டவாளத்தோடு புதைத்திருக்கும் ஒளியிழைக் கம்பியில் யானையின் காலடி அதிர்வு பதிய, அதை ஏஐ பிரித்தறிகிறது.

இதில் கமராவை விடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகு நடப்பது. எச்சரிக்கை வந்ததும் யாருக்கு அழைப்பது, சாரதியின் கையில் அந்தத் தகவல் எத்தனை நொடியில் போய்ச் சேரும், போன் சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது, வேகத்தைக் குறை என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? புகையிரதத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதை எழுதி வைக்காவிட்டால், யானை வந்ததைக் கமரா சரியாகச் சொல்லும், யானையும் செத்துவிடும். யானை கடக்கும் இடங்கள் எவை என்று ரயில் சாரதிகளுக்கும் ஊர் மக்களுக்கும் இன்றைக்கே தெரியும். அந்த இடங்களில் இரவு வேகத்தைக் குறைக்க எந்த ஏஐயும் தேவையில்லை.

வயலுக்கு வரும் யானையை ஏஐ தடுக்குமா?

தடுக்காது. வருகிறது என்று சொல்லும். சொன்ன பிறகு தடுப்பது வேலியும் மனிதரும்.

கமக்காரர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் உழைத்து, கதிர் முற்றி, இன்னும் பத்து நாளில் அறுவடை என்ற நிலையில் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். காவல் குடிலில் விழித்திருப்பவர் உயிரைப் பணயம் வைத்து இருக்கிறார். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் யானையால் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். யானைகளோ நானூறுக்கும் மேல் செத்த ஆண்டுகள் உண்டு. சுட்டும், மின்சாரம் பாய்ச்சியும், ஹக்கபட்டாசு வைத்தும். ஹக்கபட்டாசு என்பது தீனிக்குள் ஒளித்து வைக்கும் வெடி. கடித்ததும் வாய் சிதறும். யானை உடனே சாகாது. தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் அலைந்துதான் சாகும். பெரும்பாலும் அது காட்டுப்பன்றிக்கு வைத்ததாக இருக்கும், குட்டி யானைகள் கடித்துவிடும். இதை அறிந்த பிறகும் அதைச் செய்கிறவர்களை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

நம் நாட்டில் யானைக்கு ஒரு பக்கம், மனிதருக்கு ஒரு பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் 70 சதவீதம் அளவில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்று யானை ஆய்வாளர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் காட்டின் எல்லையில் வேலி போடுவதை விட, ஊரைச் சுற்றியும் பயிர்க் காலத்தில் வயலைச் சுற்றியும் மின்வேலி போடுவது நல்ல பலன் தருகிறது என்கிறார்கள். அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிடுவார்கள், யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகும்.

ஏஐ இந்த ஏற்பாட்டுக்குத் துணையாக வரலாம். வேலிக்கு வெளியே யானை வரும் தடத்தில் ஒரு வெப்பக் கமரா, யானை தெரிந்ததும் காவல் குடிலில் இருப்பவரின் போனுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுஞ்செய்தி. அதனால் அவருக்கு அரை மணி நேரம் கிடைத்தால் சைக்கிளில் போகும் பிள்ளையை நிறுத்தலாம், பக்கத்து வயல்காரரை எழுப்பலாம். ஆனால் பொய் எச்சரிக்கை நான்கு தடவை வந்தால் ஐந்தாவது தடவை யாரும் எழும்ப மாட்டார்கள். எருமைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாத கமராவைக் கட்டுவதை விடக் கட்டாமல் இருப்பது மேல்.

2025 மார்ச்சில் குரங்கு, மயில் எல்லாம் எண்ணினோமே. அதை ஏஐ செய்யாதா?

மார்ச் 15 காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் அவரவர் காணியில் நின்ற குரங்கு, மந்தி, மர அணில், மயில் இவற்றை நாடு முழுவதும் எண்ணச் சொன்னார்கள். ஒரு படத்தில் எத்தனை குரங்கு என்று ஏஐ எண்ணிவிடும். காட்டில் மொத்தம் எத்தனை என்பது வேறு கணக்கு. இன்று கமராவில் வந்த குரங்கு நேற்று வந்ததுதானா என்று தெரியாவிட்டால் ஒன்றையே பத்துத் தடவை எண்ணிக்கொண்டிருப்போம். சிறுத்தையில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரு சிறுத்தையின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு வராது. படங்களை ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணும் வேலையை ஏஐ அருமையாகச் செய்கிறது.

திமிங்கிலத்துக்கு ஏஐ என்ன செய்யும்?

கரைக்குக் கிட்டவே கடல் இவ்வளவு ஆழமாக இருப்பது திருகோணமலையின் கொடை. குடாவின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலுக்கு இறங்குகிறது. அதனால்தான் கோணேசர் கோயில் மலையில் நின்றே நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவதைச் சில காலங்களில் பார்க்க முடிகிறது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே டியூலிப் என்ற ஆய்வுப் படகு இங்கே வந்து ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தது. பிறகு யுத்தம் நீண்டது, கடலும் மூடிக் கிடந்தது.

ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆழத்துக்குப் போகும்போது வால் முழுக்க மேலே எழும்பும். அந்த வாலின் பின் விளிம்பை உற்றுப் பாருங்கள். ஒன்றில் அரைவட்டமாக ஒரு வெட்டு, இன்னொன்றில் கந்தலாகக் கிழிந்த ஓரம், வேறொன்றில் நுனியே இல்லை. அந்த ஓரம்தான் அதன் அடையாளம். நீலத்திமிங்கிலத்துக்கு முதுகுத் துடுப்பின் வடிவமும் விலாவில் இருக்கும் சாம்பல் புள்ளித் திட்டுகளும் அடையாளம். ஹப்பிவேல் என்ற இணையத் தளத்தில் யாரும் திமிங்கிலப் படத்தைப் போடலாம். ஏஐ பழைய படங்களோடு ஒப்பிட்டு, இதே திமிங்கிலத்தை வேறு யாராவது வேறு கடலில் பார்த்திருக்கிறார்களா என்று தேடும். திருகோணமலையில் பார்த்தது தென் கரையின் மிரிஸ்ஸவிலும் தென்பட்டதா என்ற கேள்விக்கு விடை இப்படிப்பட்ட படங்களில்தான் இருக்கிறது. சுற்றுலாப் பயணியின் போனில் தூங்கும் படம் ஆய்வாளருக்குப் பொக்கிஷம்.

கேட்பதற்கும் ஏஐ உண்டு. ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் டிக், டிக் என்ற தாளக்கட்டில் ஒன்றோடொன்று ஒலி பரிமாறும். கரிபியன் கடலில் டொமினிக்கா தீவுப் பக்கம் பதிந்த ஆயிரக்கணக்கான ஒலிகளைச் சீட்டி என்ற ஆய்வுத் திட்டத்தினர் கணினி கொண்டு அலசி, முன்பு நினைத்ததை விட மிகவும் சிக்கலான ஒழுங்கு அதில் இருப்பதாக 2024 இல் வெளியிட்டார்கள். என்ன பேசுகின்றன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நம் கடலில் திமிங்கிலத்தின் உயிருக்கு உடனடி ஆபத்து கப்பல் மோதுவதும் வலையில் சிக்குவதும்தான். தென் கரையில் கப்பல் பாதை நீலத்திமிங்கிலங்கள் கூடும் இடத்துக்கு மேலாகப் போகிறது என்று கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் பல வருடம் குரல் கொடுத்தார்கள். 2022 இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கிக்கொண்டது. திமிங்கிலம் எங்கே, எந்த மாதத்தில் கூடுகிறது என்ற ஆய்வுத் தரவு கையில் இருந்ததால்தான் அந்த வாதம் நின்றது.

படகோட்டி நண்பர்களுக்கு ஒன்று: நல்ல படத்துக்காகத் துரத்த வேண்டாம். நூறு மீற்றர் தள்ளி எஞ்சினை மெதுவாக்கி நின்றால் அது தன் பாட்டில் வாலைத் தூக்கிக் காட்டும்.

புறாத்தீவுப் பவளத்துக்கு?

புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. கடல் சூடாகும்போது பவளம் தனக்கு உணவு தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். 2016 இல் இலங்கைப் பவளங்கள் இப்படிப் பெரிதாகப் பாதிக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா நிறுவனம் அறிவித்தது.

கோரல்நெட் என்ற இலவசச் சேவையில் கடலடிப் படத்தைப் போட்டால் உயிர்ப் பவளம் எவ்வளவு, பாசி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று ஏஐ கணக்கிடும். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் மாதாமாதம் படம் எடுத்தால் போதும். நிலாவெளியில் சுழியோடும் பிள்ளைகளே இதைச் செய்யலாம். ஆனால் பவளத்தின் மேல் காலை வைத்து நின்று படம் எடுக்கிறவரிடமிருந்து பவளத்தை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

டைனமைட் மீன்பிடியைக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும். தண்ணீருக்குள் வெடிச்சத்தம் வெகுதூரம் போகும். தான்சானியாவில் 2015 இல் கடலடி ஒலிவாங்கிகளை இழுத்துச் சென்று கரை நெடுகிலும் நடந்த வெடிகளைப் பதிந்தார்கள். பெரிய கப்பல்களுக்கு வேறு வழி. செய்மதி ரேடார் படங்களை ஏஐ கொண்டு ஆராய்ந்தபோது, உலகின் தொழில்துறை மீன்பிடிக் கப்பல்களில் முக்கால்வாசி பொதுக் கண்காணிப்பில் தெரியாமல் ஓடுவதாக 2024 இல், மீன்பிடிக் கப்பல்களைக் கண்காணிக்கும் குளோபல் ஃபிஷிங் வொட்ச் அமைப்பின் ஆய்வு காட்டியது. சின்ன வள்ளத்துக்காரரைப் பிடிப்பது எல்லாருக்கும் லேசு. அந்தக் கப்பல்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

கமரா எங்களையும் படம் பிடிக்காதா?

பிடிக்கும். இந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. சோதனைச்சாவடிகளோடு வளர்ந்த மாவட்டம் இது. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகும் பெண்கள், தங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது நியாயம். இந்தியாவின் கோர்பெட் புலிகள் காப்பகத்தில் காட்டுக் கமராக்களும் ட்ரோன்களும் உள்ளூர்ப் பெண்களை மிரட்டவும் அவமானப்படுத்தவும் பயன்பட்டதாக 2024 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது.

இதற்குத் தொழில்நுட்பத்திலேயே ஒரு பாதி மருந்து இருக்கிறது. மனிதர் உள்ள படம் என்று ஏஐ பிரித்ததும், யாரும் பார்க்காமலே அதை அழித்துவிட முடியும். மறு பாதி ஒப்பந்தம். கமரா கட்டும் முன் ஊரைக் கூட்டி, எங்கே கட்டுகிறோம், படம் யாரிடம் இருக்கும், எப்போது அழியும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நகரத்து மான்களுக்கு ஏஐ ஏதாவது செய்யுமா?

பிரெட்ரிக் கோட்டையிலும் பஸ் நிலையப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. அதற்குத் தேவை மூடியுள்ள குப்பைத்தொட்டி. ஏஐ வேண்டாம்.

ஏஐக்கே நிறைய மின்சாரம் போகிறதாமே?

உண்மை. உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 2024 இல் உலக மின்சாரத்தில் 1.5 சதவீதம் அளவு எடுத்தன, ஏஐயால் அது வேகமாகக் கூடுகிறது. காட்டுக் கமராவுக்குள் ஓடும் சிறிய மென்பொருள் பற்றரியில் மாதக்கணக்கில் ஓடக்கூடியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எங்கள் பாடசாலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

காசு செலவில்லாமல் இரண்டு வழி. மெர்லின் என்ற செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் செடி, பூச்சி, நண்டு எதையும் படம் எடுத்துப் போட்டால் ஏஐ ஒரு பெயரை முன்மொழியும், பிறகு தெரிந்தவர்கள் பார்த்துச் சரி சொல்வார்கள் அல்லது திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் அருமையான பாடம். செயலி சொன்ன பறவை இந்த மாதத்தில் இந்த ஊரில் இருக்கக்கூடியதா என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். புலம்பெயர் பறவைகள் வரும் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். சாம்பல்தீவுக் களப்பு ஓரத்தில் ஒரு காலை நேரம் போதும், கொப்பி நிறையும்.

ஒரு கண்டிப்பு. அருகிவரும் உயிரினங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். ஆனால் அதே படத்தை முகநூலில் இடப்பெயரோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு வீண். நட்சத்திர ஆமை, ஆமை முட்டையிட்ட இடம், பறவைக்கூடு இவற்றின் இடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம்.

பாம்பு கடித்தால் படம் எடுத்துச் செயலியிடம் கேட்கலாமா?

வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணாடி விரியனையும் விஷமில்லாத பாம்பையும் செயலி மாற்றிச் சொன்னால் போவது உயிர். பாம்பைப் பிடிக்கவோ அடித்துக் கொண்டுவரவோ முயல வேண்டாம், அதில் இரண்டாவது ஆள் கடிபடுவார். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல் கொண்டுபோங்கள். இரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்ற பரிசோதனையையும் அறிகுறிகளையும் வைத்து என்ன மருந்து என்று வைத்தியர் முடிவெடுப்பார். போகிற வழியில் யாராவது தூர நின்று எடுத்த படம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.